கம்பியில்லாத் தந்தியும் ஜகதீச சந்திர போஸும்

தந்தி என்னும் சொற்கே கம்பி என்பது பொருளாயிருக்க, கம்பியில்லாத் தந்தி என்பது யாங்ஙனம் பொருந்தும் என்று மாணாக்கர் எம்மை வினவியதுண்டு. வினாத் தக்கதே. மின்பொறியினின்று எழும் அலைகள் வெளியிற் பரந்து, தொலைவிலுள்ள கருவியைத் தாக்குங்கால், ஆங்குக் குறுகியும் நீண்டும் தோன்றும் குறிகளே எழுத்துக்களாகக் கொள்ளப்படும். 1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது 700 பேருக்கு மேல் உயிர் பிழைத்தது இக்குறிகள் பிறிதொரு கப்பலுக்கு எட்டியமையாலேயே. மன்னார்புரத்தில் யாம் கேட்கும் திருச்சிராப்பள்ளி வானொலி 1939இல் தோன்றியதும் இவ்வலைகளின் துணைகொண்டே.

இவ்வலைகளை நம் நாட்டில் ஆய்ந்த முதல்வர் ஜகதீச சந்திர போஸ் ஆவர். இவர் 1858 நவம்பர் 30இல் வங்க நாட்டு மைமன்சிங்கிற் பிறந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தும், மைந்தரை ஆங்கிலப் பள்ளிக்கு விடாது தாய்மொழிப் பள்ளியில் முதற்கண் சேர்த்தனர். ஆங்கே செம்படவர் மகனோடு ஒருங்கிருந்து கற்றார் இவர்.

இங்கிலாந்திற் பயின்று மீண்டு, 1885இல் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார். வெள்ளையர்க்கு அளிக்கும் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கே இவர்க்கென்றனர். அதனைத் தொட மறுத்து, மூன்றாண்டு ஊதியமின்றியே பாடஞ் சொன்னார். ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு அஃது எத்துணை அரிதென்பது நன்கு தெரியும். இறுதியில் அரசாங்கத்தார் முழு ஊதியமும் நிலுவையும் தந்தனர். அதனைக்கொண்டு தந்தையார் பட்ட கடனை அடைத்தார்.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்திற் பலர் காண, இவர் விடுத்த அலைகள் சுவரை ஊடுருவிச் சென்று மணியை ஒலிப்பித்தன, வெடிமருந்தையும் வெடிப்பித்தன. அவை சில மில்லிமீட்டரே நீளமுடையன. இன்று தொலைபேசித் துறையினர் அத்தகைய அலைகளையே மீண்டும் நாடுகின்றனர்.

மார்க்கோனி இவர் புகழைக் கவர்ந்தார் என்பார் சிலர் நம்மிடையே உளர். யாம் அவ்வாறு கூறோம். 1901இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டச் செய்தவை நெடிய அலைகள். அவற்றால் செய்தி விடுக்கும் முறையை வகுத்தவர் மார்க்கோனியே. ஆயினும், அன்று அவர் கைக்கொண்ட பாதரச ஏற்பி, 1899இல் போஸ் வெளியிட்ட கருவியை ஒத்ததென்று பிற்கால ஆய்வாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். 1909இல் நோபெல் பரிசு பெற்றோருள் போஸ் பெயர் இல்லை.

கண்டனவற்றை விலைப்பொருளாக்க இவர் விரும்பியவரல்லர். நண்பர் வற்புறுத்த, 1904இல் அமெரிக்க உரிமைப் பட்டயம் ஒன்று பெற்றும், அதனைப் பயன்படுத்தாது விட்டொழித்தார். 1917இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவி, செடிகொடிகளின் உணர்வை ஆய்வதில் பிற்காலத்தைச் செலவிட்டு, 1937 நவம்பர் 23இல் கிரிதியில் உயிர் நீத்தார். எழுபத்தொன்பது நிரம்ப ஏழு நாளே குறைவு.