டாக்டர் ஜான் மர்ரே: தாஜ்மஹாலைக் காகிதத்தில் பதித்தவர்

நம் கடைச் சுவர்களில் எத்தனையோ நாட்காட்டிகள் வந்து போயிருக்கின்றன. தாஜ்மஹால் படம் போட்ட நாட்காட்டி ஒன்றாவது மாட்டாத கடை நம்மவரிடையே அரிது. ஆக்ராவை நேரில் காணாதவரும் அந்த மஹாலின் குப்பாவையும் நான்கு மினாராக்களையும் கண்ணை மூடிக்கொண்டே வர்ணித்துவிடுவர். சகோதரர்களே, இந்தப் பரிச்சயம் நமக்கு எப்படி உண்டாயிற்று? அதற்கு ஆதியில் பாடுபட்டவர்களுள் ஒருவரான டாக்டர் ஜான் மர்ரேயின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதுகிறோம்.

மர்ரே 1809-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தவர். வைத்தியம் கற்று, 1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்திய இலாகாவில் சேர்ந்து இந்தியா வந்தார். பிற்பாடு ஆக்ராவில் டாக்டராக அமர்ந்தார். காலரா நோயைப் பற்றிய ஆராய்ச்சியே அவருடைய முக்கிய வேலை. எனினும் 1849 வாக்கில் அவர் மனம் புகைப்படக் கலையின்பால் சென்றது. அக்கலை தோன்றிப் பத்தாண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

இன்று ஒரு பொத்தானை அமுக்கினால் படம் வந்துவிடுகிறது. மர்ரேயின் காலத்தில் அப்படியில்லை. நல்ல காகிதத்தில் மெழுகைக் காய்ச்சி ஊறவைத்து, வெள்ளி உப்பு ஏற்றி, இருட்டறையில் பக்குவம் செய்யவேண்டும். கண்ணாடித் தகட்டு முறையும் அப்போது வந்துவிட்டது. ஆனால் அதில் மருந்து ஈரமாக இருக்கும்போதே படத்தை எடுத்து முடித்தாக வேண்டும். ஆக்ராவின் வெயிலில் அது சடுதியில் காய்ந்துவிடும். மெழுகுக் காகிதத்தையோ முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். ஆகவே அவர் அதையே நம்பினார். அவருடைய காகிதம் சுமார் ஒன்றேகால் அடி உயரமும் ஒன்றரை அடி அகலமும் உள்ளது. பெட்டியும் அதற்கேற்பப் பெரியது. ஒரு படத்துக்குச் சில நிமிஷங்கள் பெட்டியைத் திறந்து வைத்திருக்கவேண்டும். அதற்குள் நடந்து போகிறவர்கள் படத்தில் பதியமாட்டார்கள். அவர் படங்களில் ஆள் நடமாட்டம் அரிதாயிருப்பதற்கு இதுவே காரணம். காகிதத்தில் வானம் திட்டுத்திட்டாக விழும் என்பதால், மூலப்படத்தில் அந்தப் பாகத்துக்கு மை தீட்டுவார். அச்சில் வானம் சுத்த வெண்மையாகத் தெரியும்.

மனைவி மும்தாஜ் மஹல் 1631-ல் காலமானபின் ஷாஜஹான் சக்கரவர்த்தி எழுப்பிய ரவ்லாவை மர்ரே பல கோணங்களில் எடுத்தார். ஆக்ராக் கோட்டை, அதனுள் உள்ள மோத்தி மஸ்ஜித், ஸிக்கந்தராவில் அக்பரின் அடக்கஸ்தலம், ஃபத்தேபூர் ஸிக்ரி ஆகியவையும் அவர் பெட்டிக்குள் வந்தன. 1857-ல் அவருடைய படங்கள் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. மறு வருஷம் ஹோகார்த் என்ற பதிப்பாளர் ஆக்ராப் படங்கள் முப்பதைத் தொகுத்து வெளியிட்டார்.

அதே 1857-ல்தான் இந்தியாவில் கம்பெனி ஆட்சியை எதிர்த்துப் பெரும் கிளர்ச்சி மூண்டது. கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் டெல்லியைச் சும்மா விடவில்லை. செங்கோட்டைக்குள் இருந்த மாளிகைகளில் பெரும்பாலானவற்றை இடித்துத் தள்ளினர். ஷாஜஹானின் பீவியருள் ஒருவர் கட்டிய அக்பராபாதி மஸ்ஜிதும் தரைமட்டமாயிற்று. ஜாமிஆ மஸ்ஜித் முஸ்லிம்கள் கையிலிருந்து பறிக்கப்பட்டு, 1862-ல்தான் திரும்பக் கிடைத்தது. அத்தனை வருஷம் அந்தப் பெரிய முற்றத்தில் ஜும்ஆ இல்லை. மர்ரே டெல்லிக்கும் சென்று படங்கள் எடுத்தார். கவர்னர் ஜெனரல் கானிங் பிரபுவும் அவருக்குப் படம் எடுக்கும் பணி கொடுத்ததுண்டு.

இடித்தவர்களின் உத்தியோகஸ்தர்தானே இவர், இவரைப் பற்றி நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர் கம்பெனியின் சம்பளம் வாங்கியவர் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கணக்கு எழுதியவர் யாராயிருந்தாலும், சரியாக எழுதப்பட்ட பேரேடு சாட்சி சொல்லும் என்பது வியாபாரிகளான நமக்குத் தெரியாததல்ல. பழுது பார்ப்பதற்கு முன்பு ஒரு கட்டடம் எப்படியிருந்தது, எந்த மரம் எங்கே நின்றது என்று இன்று அறிய விரும்புவோர் இப்படிப்பட்ட படங்களையே புரட்டுகின்றனர்.

1864-ல் மர்ரே மூன்று படங்களை ஒட்டவைத்துத் தாஜ்மஹாலின் அகன்ற தோற்றம் ஒன்றைத் தயாரித்தார். 1871-ல் உத்தியோகம் விட்டுத் தாய்நாடு திரும்பி, 1898-ல் காலமானார்.

கல்லும் பளிங்கும் நிலைக்கும் என்று எண்ணுகிறோம். அக்பராபாதி மஸ்ஜிதும் கல்லால் கட்டியதுதான். நம் முன்னோர் இந்த மண்ணில் எழுப்பிய பள்ளிவாசல்கள், மதரஸாக்கள், கடைத்தெருக்கள் ஆகியவற்றின் பழைய படங்கள் நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கக்கூடும். அவற்றைக் கரையானுக்கு விடாமல் எடுத்து, பின்புறத்தில் இடமும் வருஷமும் குறித்து வைப்போமாக. நாளை நம் பிள்ளைகள் கேட்கும்போது கையில் காட்ட ஒன்று இருக்கும்.