ஆசுதோஷ் முகர்ஜியாரின் வாய்மை

கல்வியை வளர்ப்பார்க்குப் பொருளும் வேண்டும். அதிகாரிகளின் ஆதரவும் வேண்டும். அவற்றைப் பெறும்பொருட்டு மனமறிந்த மெய்யை மறைக்க நேரின் யாது செய்வது? இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையால் விடை கூறியவர் வங்காளத்துப் பெரியார் ஸர் ஆசுதோஷ் முகர்ஜி.

இவர் 1864-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி கல்கத்தாவிற் பிறந்தார். கணிதத்திற் பெரும்புலமை எய்திச் சட்டமும் கற்று, 1904-ல் ஹைக்கோர்ட்டு நீதிபதியாயினார். அப்பதவியினின்றே 1906 முதல் 1914 வரையிலும், மீண்டும் 1921 முதல் 1923 வரையிலும் கல்கத்தா சர்வகலாசாலையின் துணைவேந்தராக விளங்கினார்.

பெரும்பாலும் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கிவந்த அந்நிலையத்தை, இவர் கற்பிக்கும் இடமாகவும் ஆராயும் இடமாகவும் ஆக்கினார். தாரகநாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் என்னும் வழக்கறிஞர் இருவரும் ஈந்த பெருங்கொடையால் 1914-ல் விஞ்ஞானக் கல்லூரி தோன்றியது. ஆசிரியரைத் தெரிவதில் இவர் தகுதியையன்றி ஊரையும் மொழியையும் நோக்கினாரல்லர். நம் திருச்சிராப்பள்ளியிற் பிறந்து, அரசாங்கக் கணக்கு இலாகாவில் உத்தியோகம் வகித்த சி. வி. இராமன், இவரது அழைப்பினாலேயே அதனைத் துறந்து 1917-ல் பௌதிகப் பேராசிரியரானார். திருத்தணியிற் பிறந்த இராதாகிருஷ்ணன் 1921-ல் தத்துவப் பேராசிரியரானார்.

1922-ல் சர்வகலாசாலை பணமுடையால் வருந்திற்று. வங்காள அரசாங்கத்தார் இரண்டரை லக்ஷம் ரூபாய் தர முன்வந்து, உடன் சில நிபந்தனைகளையும் விதித்தனர். அவை நிலையத்தின் சுதந்திரத்தைக் குறைப்பன என்று கண்ட முகர்ஜியார், அப்பொருளை ஏற்றலாகாதென ஸெனட் சபையில் வாதாடினார். 1923 மார்ச்சு மாதத்தில் வேந்தரான கவர்னர் லிட்டன் பிரபு, அரசாங்கத்தை எதிர்ப்பதைவிட்டு ஒத்துழைப்பதாக உறுதி கூறின், மீண்டும் பதவி தருவதாக எழுதினார். முகர்ஜியார் மறுத்து எழுதிப் பதவியினின்று நீங்கினார். அடுத்த ஆண்டு மே 25-ந் தேதி பாட்னாவில் காலமாயினார்.

உறுதி கூறிப் பதவி பெற்றுப் பின் தம் விருப்பப்படி நடந்திருக்கலாகாதோ என்பார் உளர். உறுதியைக் காப்பின் சர்வகலாசாலைக்குக் கேடு. காவாதொழியின் அது பொய். ஆதலின், மறுத்தலே பொதுநலத்திற்கும் வாய்மைக்கும் ஒருங்கே ஒத்த வழியாயிற்று.

அன்பர்களே! நம் சங்கத்திலும் பிள்ளைகளின் கல்விக்கெனப் பலர் பொருள் உதவுகின்றனர். கொடுப்பவர், உதவிபெறும் மாணவன் இவனேயாதல் வேண்டும் என்று நிபந்தனை கூறுங்கால், நிர்வாகிகள் தகுதியுடைய ஏழைமாணவனை நினைந்து, பணிவோடு மறுத்துரைத்தல் வேண்டும். பணம் குறையினும் சங்கம் நிலைபெறும். நம்பிக்கை குறையின் நிலைபெறாது.