டார்வினும் அபிப்பிராய மாறுதலும்

ஓர் அபிப்பிராயத்தைக் கைக்கொள்ளுவது மனிதனுக்கு எளிது, கைவிடுவதுதான் பிராணாவஸ்தை. அத்தாட்சிகளை எதிரே குவித்துவிட்டால் எதிர்க்கட்சியார் மனம் மாறிவிடுவர் என்று நம்பும் தேசத் தொண்டர்கள் நம்மில் அநேகர் உண்டு. அவர்கள் சார்லஸ் டார்வினின் சரித்திரத்தைச் சற்றுக் கவனிப்பார்களாக.

1809-ம் வருஷம் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி நகரில் ஒரு வைத்தியரின் குமாரராகப் பிறந்த டார்வின், வைத்தியப் படிப்பை நடுவில் விட்டு, பாதிரியாராகும் உத்தேசத்துடன் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றவர். 1831 டிசம்பரில் பீகிள் கப்பலில் அவர் புறப்பட்டபொழுது, ஜீவராசிகளின் இனங்கள் மாறாதவை என்பதே அவரது கொள்கை. 1835-ல் காலபாகஸ் தீவுகளில் இறங்கினார். ஓர் ஆமையைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்தத் தீவினது என்று சொல்லிவிடலாம் என அங்கிருந்த அதிகாரி ஒருவர் தெரிவித்தார். டார்வின் அதைச் சிறிது காலம் பொருட்படுத்தவே இல்லை. தாம் பிடித்த சிறு குருவிகளில் பலவற்றையும் இன்ன தீவினது என்று குறிக்காமல் கலந்து வைத்துவிட்டார். கொள்கை இல்லையென்று சொல்வதைக் கண் காண்பதில்லை போலும்! 1837-ல் லண்டனில் ஜான் கூல்ட் என்ற பட்சி சாஸ்திர நிபுணர், அவை வெவ்வேறு இனங்களென்று தீர்ப்புக் கூறிய பிறகே அவர் விழித்துக்கொண்டார். பறவைகளின் தீவுகளை அறிய, கப்பல் தலைவர் பிட்ஸ்ராய் முதலிய பிறர் குறித்து வைத்திருந்த சேகரிப்புகளை நாட வேண்டியதாயிற்று.

அந்தப் பிட்ஸ்ராயின் கதையோ இன்னும் விந்தையானது. இருவரும் ஏறக்குறைய ஐந்து வருஷம் ஒரே கப்பலில் சென்று, ஒரே மேஜையில் உண்டு, ஒரே கரைகளைக் கண்டவர்கள். பிரயாணத்தில் பிரளயக் கதையைச் சந்தேகித்த பிட்ஸ்ராய், ஊர் திரும்பியபின் வேதாகமத்தின் ஒவ்வோர் எழுத்தையும் நம்புபவராக மாறி, 1860-ல் ஆக்ஸ்போர்டு சபையில் டார்வினின் நூலைக் கண்டித்துப் பேசினார்.

டார்வின் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தார். தம் முடிவுக்கு மாறான செய்தி எதிர்ப்பட்டால் உடனே எழுதி வைத்துவிடுவார். அனுகூலமான செய்திகளைவிடப் பிரதிகூலமானவை விரைவில் மறந்துபோகும் என்பதை அவர் அநுபவத்தில் கண்டிருந்தார். 1859-ல் வெளியிட்ட பெருநூலில், தம் கொள்கைக்கு உள்ள இடர்ப்பாடுகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். எதிரிகளின் ஆட்சேபங்களில் பல அதில் முன்னமேயே இருந்தன.

இத்தகையவரும் தப்பவில்லை. ஸ்காட்லாந்தில் கிளென் ராய் என்னும் பள்ளத்தாக்கின் மலைச்சரிவுகளில் படிக்கட்டுகள்போல் கோடுகள் ஓடுகின்றன. தென் அமெரிக்காவில் கடற்கரை உயர்ந்திருந்ததைக் கண்டு வந்த டார்வின், இவையும் பழைய கடற்கரைகளே என்று 1839-ல் எழுதினார். மறு வருஷமே அகாஸிஸ் என்ற அறிஞர், பனிக்கட்டி அணையிட்டுத் தேக்கிய ஏரியின் கரைகள் அவை என்றார். டார்வின் இருபது வருஷத்துக்கு மேல் தம் கட்சியை விடாமல், 1861-ல்தான் தோல்வியை ஒப்புக்கொண்டார். பிற்காலத்தில், தம் மக்கள் படிப்பதற்கென்று எழுதிய சுயசரிதத்தில், அந்தக் கட்டுரைக்காக வெட்கப்படுவதாகத் தம் கையாலேயே குறித்து வைத்தார்.