இருட்டில் அமர்ந்து ஒளியைக் கண்டவர்

பாவெல் செரென்கோவ் 1904 ஜூலை 28 அன்று ரஷ்யாவில் வொரோனெஷ் பகுதியில் நோவாயா சிக்லா என்ற கிராமத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு ஆண்டுகள்தான் பள்ளிக்குப் போனார். பிறகு கூலி வேலை. ஊரில் உயர்நிலைப் பள்ளி திறந்ததும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பைத் தொடர்ந்தார். 1928-ல் வொரோனெஷ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

லெனின்கிராடில் ஆராய்ச்சி மாணவரானபோது, பேராசிரியர் வவிலோவ் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். ரேடியத்தின் காமா கதிர்கள் பட்டால் யுரேனியம் உப்புக் கரைசல் எப்படி ஒளிர்கிறது என்று அளக்க வேண்டும். ஒளி மிக மங்கலானது, கண்தான் கருவி. அதனால் தினமும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கும்மிருட்டில் உட்கார்ந்து கண்களைப் பழக்கிய பிறகே வேலையைத் தொடங்குவார்.

உப்பே கலக்காத வெறும் திரவமும் லேசாக நீல நிறத்தில் ஒளிர்வதை அவர் கவனித்தார். ஏதோ அழுக்கு என்று விட்டிருக்கலாம். வங்கியில் நாள் முடிவில் கணக்கு சில ரூபாய் உதைத்தால், சின்னத் தொகைதானே என்று நாங்கள் விடுவதில்லை. அவரும் விடவில்லை. தண்ணீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தார், சூடாக்கியும் பார்த்தார். நீல ஒளி அப்படியே இருந்தது. 1934-ல் முடிவை வெளியிட்டார்.

பலர் நம்பவில்லை. 1937-ல் அவர் அனுப்பிய கட்டுரையை 'நேச்சர்' இதழ் ஏற்கவில்லை. அமெரிக்காவின் 'ஃபிசிக்கல் ரிவ்யூ' வெளியிட்டது. அதே ஆண்டு ஃபிராங்க், டாம் இருவரும் காரணத்தை விளக்கினர். தண்ணீரில் ஒளியின் வேகம் சுமார் கால் பங்கு குறைகிறது. அங்கே ஒளியையும் முந்தும் மின்துகள், வேகப் படகின் பின்னால் அலை விரிவதுபோல ஒளியை விரித்துச் செல்கிறது. 1958-ல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வவிலோவ் 1951-லேயே காலமாகிவிட்டதால் அவருக்கு அந்தப் பேறு இல்லை.

இதனால் என்ன பயன்? விண்வெளியிலிருந்து வரும் மிக அதிக ஆற்றல் கொண்ட காமா கதிர்கள் அபூர்வமானவை. செயற்கைக்கோளில் வைக்கும் சிறிய கருவியில் அவை சிக்குவது அரிது. ஆனால் அவை காற்றில் மோதி ஏராளமான துகள்களாகப் பொழியும்போது, அதே நீல ஒளி நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரம் மின்னுகிறது. அதைத் தரையிலுள்ள பெரிய கண்ணாடிகள் பிடிக்கின்றன. 1989-ல் அமெரிக்காவின் விப்பிள் தொலைநோக்கி, நண்டு நெபுலாவின் காமா கதிர்களை இப்படித்தான் உறுதி செய்தது. இன்று லடாக்கின் ஹான்லேயில் 21 மீட்டர் அகல மேஸ் தொலைநோக்கி இருக்கிறது. சீனாவில் 4,410 மீட்டர் உயரத்தில், அந்தத் துகள்கள் தண்ணீருக்குள் எழுப்பும் ஒளியையே பெரிய குளங்களில் கருவிகள் வரிசை வரிசையாகக் காத்திருந்து பிடிக்கின்றன.

செரென்கோவ் 1990 ஜனவரி 6 அன்று காலமானார். அவர் இருட்டறையில் பார்த்த வேலை இன்று மலை உச்சிகளில் தொடர்கிறது. படிப்பு பாதியில் நின்றாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதை நம் பிள்ளைகளுக்கு இவர் கதை சொல்லும்.