நாணயமே ஈடு: ரைஃபைசன்

நிலமில்லை, நகையில்லை, அதனால் கடனும் இல்லை. நம் சேரி மக்கள் கேட்டுப் பழகிய இந்தப் பதிலை அன்றே மாற்றிக் காட்டியவர் ஜெர்மனியின் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன். 1818-இல் பிறந்தார். கண் நோயால் ராணுவத்தை விட்டு, 1845-இல் வையர்புஷ் ஊர்த்தலைவரானார். அடுத்த ஆண்டே பஞ்சம். வசதியானவர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டியைக் கடனாகக் கொடுத்தார். பணக்காரர் தயவு நீடிக்காது என்று அனுபவத்தில் கண்டார். 1864-இல் ஹெடெஸ்டார்ஃபில் கடன் சங்கம் அமைத்தார். உறுப்பினர்களே சேமித்தார்கள், அவர்களே குறைந்த வட்டிக்குக் கடன் பெற்றார்கள். சங்கத்தின் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. சொத்தைவிட ஆளின் நாணயமும் அண்டை வீட்டார் ஜாமீனுமே பெரிதாயின. 1888-இல் மறைந்தார்.

அவர் முறையை ஆராய்ந்து நிக்கல்சன் சென்னை அரசுக்கு அறிக்கை தந்தார். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. நம் ஊர்ச் சங்கத்தில் நம்மில் எத்தனை பேர் உறுப்பினர்? கேட்டுப் பார்ப்போம்.