பூட்டுக்குப் பெயர் பாதுகாப்பு!

திருடன் தன் தொழிலுக்குத் திருட்டு என்றா பெயர் வைப்பான்? ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் சூட்டிய பெயர்களைக் கேளுங்கள், தோழர்களே! பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த பூர்வகுடிகளின் மண்ணைப் பறித்தார்கள். அதற்குப் பெயர் குடியேற்றம்! அவர்களைத் தனிக் குடியிருப்புகளில் அடைத்தார்கள். தாய் மடியிலிருந்து குழந்தைகளைப் பிரித்தார்கள். நியூ சவுத் வேல்ஸில் அதைச் செய்த வாரியத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? பாதுகாப்பு வாரியம்!

இந்தச் சொல் மோசடியை எதிர்த்து நின்ற கிழவர் வில்லியம் கூப்பர். மர்ரே ஆற்றங்கரையின் யோர்ட்டா யோர்ட்டா மக்களில் 1860-ஐ ஒட்டிப் பிறந்தவர். ஆட்டு ரோமம் கத்தரித்தார், குதிரை பழக்கினார், கூலிவேலை செய்தார், தொழிற்சங்கத்திலும் உறுப்பினர். அவருக்குக் கல்வி புகட்டியவர் தாமஸ் ஜேம்ஸ் என்ற ஆசிரியர், மொரீசியசில் பிறந்த இந்திய வமிசத்தவர். கூப்பரின் சகோதரியை மணந்தவரும் அவரே.

கூப்பரின் மகன் டேனியல், 1917-இல் வெள்ளையரின் போரில் பெல்ஜிய மண்ணில் மாண்டான். ஆனால், பூர்வகுடிகளை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்காதே என்றது நாட்டின் அரசியல் சட்டம், 127-ஆம் பிரிவு. செத்த மகன் போர்க்கணக்கில் உண்டு. உயிரோடிருந்த தகப்பன் குடிக்கணக்கில் இல்லை! அந்தப் பிரிவு ஒழிந்தது 1967-இல்தான்.

குடியிருப்பில் இருந்தால் முதியோர் உதவித்தொகை கிடையாது. ஆகவே எழுபது கடந்த வயதில், 1933-இல், சொந்த மண்ணை விட்டு மெல்போர்ன் சென்றார். வாரியத்தின் பாதுகாப்பு சோறு போட்ட லட்சணம் அது!

அங்கிருந்தபடி மன்னருக்கு விண்ணப்பம் எழுதினார். எங்கள் இனம் அழியாமல் காத்திடுக, பாராளுமன்றத்தில் எங்களுக்கோர் இடம் தருக என்பதே கோரிக்கை. ஊர் ஊராகத் திரட்டிய கையொப்பங்கள் 1814. பெற்றுக்கொண்ட மத்திய அரசு, மன்னருக்கு அனுப்பிப் பயனில்லை என்று 1938-இல் முடிவு கட்டியது. தபால்காரன் கடிதத்தைக் கிழித்துப்போடுவது போல!

வெள்ளையர் வந்திறங்கிய 150-ஆம் ஆண்டு விழா, 1938 ஜனவரி 26. சிட்னியில் வாணவேடிக்கை, ஊர்வலம், கோலாகலம். அந்த நாளைத் துக்க நாள் என்று அழைப்போம் என்றார் கூப்பர். விழா என்ற ஒரு சொல்லுக்கு எதிரே துக்கம் என்ற ஒரு சொல்! பேட்டன், பெர்குசன் ஆகிய தோழர்கள் சிட்னியிலேயே மாநாடு கூட்டினார்கள். பெயர் வைக்கும் உரிமை ஆள்பவனுக்கு மட்டுமா என்று அன்று கேட்டுவிட்டார்கள் அல்லவா?

1941 மார்ச்சில் கூப்பர் கண்மூடினார். அதற்கு முந்தைய ஆண்டு வாரியத்தின் பெயர்ப்பலகையை மாற்றியிருந்தார்கள். புதுப்பெயர், நல வாரியம். குழந்தைகளைப் பிரிப்பது மட்டும் நிற்கவில்லை. 1969-இல்தான் அந்த வாரியம் கலைக்கப்பட்டது.