மாட்டு வண்டியில் வந்த காமிரா

தஞ்சைப் பெரிய கோவிலும் மதுரைப் புது மண்டபமும் திருச்சி மலைக்கோட்டையும் 1858-ம் ஆண்டில் எப்படி இருந்தன? கற்பனை செய்ய வேண்டியதில்லை. படம் இருக்கிறது. கல்லின் வெடிப்பும், சுவரில் முளைத்த செடியும் தெரியும்படியான படம்.

எடுத்தவர் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் பட்டாளத்தில் கேப்டனாக இருந்த லின்னேயஸ் டிரைப். புகைப்படக்கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் யாரும் இவர் பெயரை விட்டுவிட்டு எழுதுவதில்லை. ஆனால் இவர் படம் பிடித்த ஊர்களில் பிறந்த நம்மில் பலருக்கு இவரைத் தெரியாது.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் பிளிமத் துறைமுகத்தை ஒட்டி டெவன்போர்ட் என்று ஓர் ஊர். அங்கே 1822 ஏப்ரல் 14-ல் டிரைப் பிறந்தார். தகப்பனார் அறுவை சிகிச்சை டாக்டர். வீட்டில் பன்னிரண்டு குழந்தைகள். இந்தப் பிள்ளைக்குத் தாவர சாஸ்திர மேதை லின்னேயஸின் பெயர் அமைந்தது.

பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போவது அன்று இங்கிலாந்தில் சகஜம். டிரைப்பும் 1839 வாக்கில், பதினேழு வயது மட்டில், கும்பினிப் பட்டாளத்தில் சேர்ந்து சென்னை ராஜதானிக்கு வந்தார். பத்தாண்டுக்கு மேல் மற்ற வெள்ளைக்கார அதிகாரிகளைப் போலவே காலம் தள்ளினார்.

1850-க்குப் பிறகு நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனபோதுதான் வாழ்க்கை திசை மாறியது. அப்போது இங்கிலாந்தில் புகைப்பட மோகம் பரவிக்கொண்டிருந்தது. 1853-ல் லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கியதும் டிரைப் அதில் உறுப்பினரானார். மறு ஆண்டு பெங்களூருக்குத் திரும்பியபோது காமிராவும் கூட வந்தது.

பெட்டி ஏன் அவ்வளவு பெரிது?

டிரைப்பின் காமிரா இன்றைய காமிரா போலக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பொருள் அல்ல. இரண்டு ஆள் தூக்க வேண்டிய மரப்பெட்டி. அது பிடித்த நெகட்டிவின் அளவு ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். காரணம் எளியது. சிறிய நெகட்டிவைப் பெரிதாக்கித் தரும் என்லார்ஜர் அன்று வழக்கத்தில் இல்லை. படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ, நெகட்டிவும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். நெகட்டிவ் பெரிதானால் பெட்டியும் பெரிதாகும்.

ஃபிலிம் சுருளும் கிடையாது. பாங்க் குமாஸ்தாவாக இருந்து தொழிலதிபரான ஜார்ஜ் ஈஸ்ட்மன் சுருள் போட்ட கோடாக் காமிராவை விற்கத் தொடங்கியது 1888-ல்தான். டிரைப் காலத்தில் நெகட்டிவ் என்றால் காகிதம், இல்லாவிட்டால் கண்ணாடி. நல்ல காகிதத்தில் மெழுகை உருக்கி ஏற்றி, அயோடைடு உப்பில் நனைத்து, இருட்டில் வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து எடுக்க வேண்டும். பிறகு அதை வெளிச்சம் படாமல் காமிராவில் பொருத்த வேண்டும். கண்ணாடியில் மருந்து தடவினால் ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அது பெரும்பாடு. மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப் போகலாம். டிரைப் இரண்டு முறையையும் கையாண்டார்.

அந்தக் காகிதத்துக்கு வெளிச்சம் நிமிடக் கணக்கில் பட வேண்டும். அதனால்தான் அவர் படங்களில் தெருக்கள் பெரும்பாலும் வெறிச்சென்று கிடக்கின்றன. ஆள் இல்லாமல் இல்லை. நடந்து போனவர்கள் காகிதத்தில் பதியவில்லை. நீல வானமும் வெறும் வெள்ளையாகத்தான் விழும். டிரைப் சில நெகட்டிவ்களில் தூரிகையால் மேகம் தீட்டிச் சேர்த்தார். மர இலைகள் கறுத்துப் போகாதிருக்க நெகட்டிவின் பின்புறம் வர்ணம் தொட்டு வைத்தார்.

தச்சர் செய்த காமிரா

இவ்வளவும் கேட்டு இது பெரிய மனிதர் விவகாரம் என்று எண்ண வேண்டாம். காகித நெகட்டிவ் முறையைக் கண்டுபிடித்த டால்பட் என்ற ஆங்கிலேயர் 1835-ல் சோதனை செய்தது ஊர்த் தச்சரிடம் சொல்லிச் செய்த சிறு மரப்பெட்டிகளில். அவற்றைப் பார்த்து வீட்டில் எலிப்பொறி என்று கேலி செய்தார்கள்.

டில்லியிலும் மற்ற வடநாட்டு நகரங்களிலும் கோர்ட்டு வாசல், ஆபீஸ் வாசல்களில் மினிட் காமிராக்காரர்கள் இருந்தார்களே, அவர்கள் முக்காலியில் வைத்திருந்ததும் உள்ளூரில் செய்த மரப்பெட்டிதான். அதற்கும் நெகட்டிவ் காகிதமே. பெட்டிக்குள்ளேயே மருந்துத் தட்டுகள் இருக்கும். துணிக்கை வழியாகக் கையை விட்டுக் கழுவி, அந்த நெகட்டிவையே மறுபடி படம் பிடித்து, நிமிடத்தில் படம் கொடுத்தார்கள்.

கை வேலை தெரிந்த யாரும் இன்றும் ஒன்று செய்யலாம். ஒன்றுக்குள் ஒன்று நகரும்படி இரண்டு பெட்டிகள் வேண்டும். உள்ளே முழுக்கக் கறுப்பு வர்ணம் அடிக்க வேண்டும். முன்பக்கம் 6 அங்குலக் குவியத்தூரம் உள்ள பூதக் கண்ணாடி. அதன் முன்னால் பட்டாணி அளவு ஓட்டை போட்ட அட்டை. பின்பக்கம் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி. தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பார்த்தால் எதிரே உள்ள வீடு அதில் தலைகீழாகத் தெரியும். பெட்டியை முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவாக்க வேண்டும்.

பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் 4 அங்குலத்துக்கு 5 அங்குலப் போட்டோ பேப்பரை வைக்க வேண்டும். பேப்பரை எடுத்து வைப்பதெல்லாம் சிவப்பு விளக்கில். நல்ல வெயிலில் மூடியை ஓரிரு நொடி திறந்து மூடினால் போதும். டெவலப்பரிலும் ஹைப்போவிலும் கழுவினால் நெகட்டிவ் தயார். அதை வேறொரு போட்டோ பேப்பரோடு முகத்தோடு முகம் சேர்த்து விளக்கொளி காட்டிக் கழுவினால் படம். டிரைப் விளக்குக்குப் பதில் சூரியனை நம்பினார். மற்றபடி வேலை ஒன்றுதான்.

கோபுரம் எடுக்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம். காமிராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்தது போல விழும். பெட்டியை நேராக நிறுத்தி, லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்தினால் நிமிர்ந்து நிற்கும்.

அரசாங்கப் புகைப்படக்காரர்

1854 டிசம்பரில் டிரைப் ஹளேபீடு, பேலூர் கோவில்களைப் படம் எடுத்தார். 1855-ல் சென்னையில் நடந்த கண்காட்சியில் அவற்றுக்கு முதல் வகுப்புப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு பர்மா மன்னரிடம் கும்பினி அனுப்பிய தூதுக்குழுவோடு அவரும் போனார். மழையும் நோயும் குறுக்கிட்டும் இருநூறுக்கு மேல் நெகட்டிவ்கள் கொண்டு வந்தார். அவற்றிலிருந்து 120 படங்களைத் தேர்ந்து 50 செட் போட வேண்டும். அதாவது 6,000 படங்கள்! ஒவ்வொன்றையும் வெயிலில் வைத்து, பதம் பார்த்து எடுத்து, கழுவி, காயவைக்க வேண்டும். பெங்களூரில் உதவியாளர்களோடு உட்கார்ந்து அதை முடித்தார்.

1856-ல் சென்னை கவர்னர் ஹாரிஸ் பிரபு டிரைப்பை அரசாங்கப் புகைப்படக்காரராக நியமித்தார். ராஜதானியின் கோவில்களையும் கட்டடங்களையும் படமாகப் பதிவு செய்வது வேலை. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகள் புறப்பட்டன. கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், கூடாரம் எல்லாம் வண்டியில். வடக்கே சிப்பாய்க் கலகத்தின் நெருப்பு அணையாத நேரம். பெலிஸ் பீட்டோ என்பவர் 1858-ல் இடிந்து கிடந்த டில்லியைப் படம் பிடித்தார். அதே ஆண்டு தெற்கே டிரைப் தமிழ்நாட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ராயக்கோட்டை, சேலம், திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை, திருவையாறு என்று பயணம் நீண்டது. மதுரையில் மீனாட்சி அம்மன் கோவிலையும் யானைமலையையும் எடுத்தார். விளக்குத்தூணும் அவர் படத்தில் உண்டு. மதுரைக் கோட்டை மதிலை இடித்த கலெக்டர் பிளாக்பர்னுக்கு நட்ட தூண் அது. திருமலை நாயக்கர் மகாலைச் சிதைந்த கோலத்தில் எடுத்தார். கவர்னர் நேப்பியர் காலத்தில் அது பழுது பார்க்கப்பட்டது பிறகுதான்.

21 படம், 19 அடி

தஞ்சையில் அவர் செய்த காரியம் தனிச் சிறப்பு. பெரிய கோவில் விமானத்தின் அடிப்பகுதியில் வரிவரியாகத் தமிழ்க் கல்வெட்டு ஓடுகிறது. டிரைப் காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி 21 படங்கள் எடுத்தார். அவற்றை வரிசையாக ஒட்டினால் 19 அடிக்கு மேல் நீளும் ஒரே சுருள்.

எடுத்தவருக்கு அந்தக் கல்வெட்டின் பொருள் தெரியாது. கோவிலைக் கட்டியவர் யார் என்பதிலேயே அன்று குழப்பம் இருந்தது. 1886-ல் அரசாங்கக் கல்வெட்டாய்வாளராக வந்த ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் அதைப் படித்த பிறகே, கட்டியவன் ராஜராஜ சோழன் என்பது உறுதியாயிற்று. படித்துப் புரிவதற்கு 28 ஆண்டுகள் முன்பே படம் எடுத்து வைத்தாகிவிட்டது.

பயணம் முடிந்து சென்னை வந்தவர், மியூசியத்தில் கிடந்த அமராவதிச் சிற்பங்களையும் 1858-ல் படம் எடுத்தார். மறு ஆண்டே அவை லண்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டன. இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

ஒரு பேனா வீச்சில்

1859-ல் ஹாரிஸ் பிரபு போனார். சர் சார்லஸ் டிரெவெலியன் கவர்னராக வந்தார். சர்க்கார் வேலைக்குச் சிபாரிசு கூடாது, பரீட்சை வைத்து ஆள் எடுக்க வேண்டும் என்று 1854-ல் யோசனை சொன்ன இருவரில் ஒருவர். பரீட்சை எழுதி வேலைக்கு வந்த நாமெல்லாம் அந்த வகையில் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் செலவு என்றால் கத்தரிக்கோல் எடுப்பவர். கலகத்துக்குப் பிறகு கஜானா காலி. புகைப்படம் ஆடம்பரச் செலவு என்று அவர் முடிவு கட்டினார். கணக்கைப் பார்த்தால் அவர் சொன்னது பிசகு என்று தோன்றாது. பட்டாளத்துக்குச் சம்பளம் கொடுக்கவே திண்டாட்டம் என்றிருக்கும்போது கோவில் படம் எதற்கு என்று எந்த அதிகாரியும் கேட்பார்தான்.

1860-க்குள் டிரைப்பின் கூடம் மூடப்பட்டது. அவர் பட்டாளத்துக்குத் திரும்பினார். 1870 வாக்கில் பர்மாவில் எடுத்த சில படங்கள் தவிர, அதன் பிறகு அவர் புகைப்படத் தொழிலில் இறங்கவில்லை. அவர் முழு மூச்சாகப் படம் எடுத்த காலம் ஆறு ஆண்டுகூட இல்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டு டெவன்போர்ட் திரும்பி, 1902 மார்ச் 2-ல், எண்பதை எட்டு முன் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அவருடைய நெகட்டிவ்கள் பலவும் இங்கிலாந்தில் பத்திரமாக இருக்கின்றன. 2014-ல் வாஷிங்டனிலும், 2015-ல் நியூயார்க்கிலும் லண்டனிலும் அவர் படங்களுக்கு மட்டுமே கண்காட்சி நடந்தது.

நமக்கு என்ன?

டிரைப் கும்பினியின் ஊழியர். அவர் படம் எடுத்தது நமக்காக அல்ல, ஆளுகிறவர்களின் அலமாரிக்காக. வண்டி ஓட்டியவர்களும், தண்ணீர் சுமந்தவர்களும், வெயிலில் நின்று படம் போட்டவர்களும் நம் ஆட்கள். அவர்கள் முகம் எந்தத் தொகுதியிலும் இல்லை. இது குறைதான். ஆனாலும் படம் மிஞ்சியதால்தான் இன்று நாம் பேச முடிகிறது.

ஜங்புராவில் பாரபுலா நாலாவின் ஓரம் இருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1-ல் கோர்ட்டு உத்தரவுப்படி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். காகிதம் சரியாக இருந்தவர்களுக்கு நரேலாவில் இடம். இல்லாதவர்களுக்கு இல்லை. ஒரு புகைப்படம் ரேஷன் கார்டுக்கு ஈடாகாது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாற்பது ஐம்பது வருஷம் வாழ்ந்த சந்து எப்படி இருந்தது, கோவில் எங்கே இருந்தது, குழாய் எங்கே இருந்தது என்று பேரப்பிள்ளை கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது வேண்டாமா?

அந்தப் பழைய படங்கள் டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாண ஆல்பத்தின் ஓரத்தில் இருக்கும். மணமக்களுக்குப் பின்னால் சந்து தெரியும், கதவு தெரியும், வாசல் கோலம் தெரியும். அவற்றைத் தேடி எடுத்து, பின்புறம் பென்சிலால் பெயரும் ஊரும் வருஷமும் எழுதி, ஈரம் படாமல் வையுங்கள். இதற்கு அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. எந்த கவர்னரும் ஆடம்பரம் என்று நிறுத்தவும் முடியாது.